இடப்பக்கத்து பிரேக்

அமுக்கு என்கிறான், அமுக்குகிறேன். கம்பியை நாலைந்து தரம் கீழே தள்ளினால் ஜாக்கி ஒரு விரற்கடை ஏறுகிறது, ஜீப்பும் முனகிக்கொண்டு கூடவே ஏறுகிறது, அடியில் மல்லாந்து கிடக்கிற என் புருஷனின் வயிற்றுக்கும் மேலே இருக்கிற இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் அந்தப் பக்கத்து வெளிச்சம் கொஞ்சம் தெரிகிறது. பிறகு ஜாக்கி தானாகவே இறங்க ஆரம்பிக்கும். ஆயில் கசிகிற ஜாக்கி. உற்றுப் பார்த்தாலும் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், அதனால்தான் அடுப்பில் குழம்பைப் பாதியில் அணைத்துவிட்டு வந்து இங்கே நிற்கிறேன். முன்பக்கத்து இடது வீலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறான். கழற்றின வீலைப் படுக்கப் போட்டு வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் இந்த மலையில் எந்த டிரைவரும் உள்ளே போவான். ஜாக்கி வழுக்கினாலும் வண்டி வீல் மேல் உட்காரும், ஆள் மேல் உட்காராது. எனக்கே தெரிந்த சங்கதி, இவனுக்குத் தெரியாதா? "வீல உள்ள தள்ளிட்டுப் படுங்க" என்று சொன்னேன். "எதுக்கு? அதான் நீ நிக்கிறீல்ல" என்றான். அதான் நான் நிற்கிறேன். இத்தனை பெரிய இரும்பு, கசிகிற ஜாக்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நான். போன வாரம் இவன் அறைந்ததில் என் இடது காதுக்குள் கொசு ஒன்று இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருக்கிறது, அந்தக் காதோடுதான் நிற்கிறேன். இவனோ என் காலடியில் சட்டையில்லாமல் படுத்து, பீடி நாற்றத்தோடு மூச்சு விட்டுக்கொண்டு, ஆக்சா பிளேடை நிதானமாக இழுக்கிறான். கரக், கரக். ஒரு துளி பயம் இல்லை. அடித்ததைவிட அதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது. முன்பின் தெரியாத நாய்க்குப் பக்கத்தில் படுப்பதென்றால்கூட மனுஷன் ஒரு தரம் யோசிப்பான்.

அறுக்கிறது எதை? இடப்பக்கத்து பிரேக்கை. டிரைவருக்கு இருக்கிற மாதிரியே இந்த ஜீப்பில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் ஒரு பிரேக் பெடல் உண்டு, கம்பெனி வைத்ததில்லை, எங்களுக்கு முன்னால் இதை வைத்திருந்த யாரோ பற்றவைத்தது. அது மட்டுமா? உத்தமபாளையத்துப் புரோக்கர் இதை எங்கள் தலையில் கட்டி ரெண்டு வருஷம் ஆகிறது, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஏற்றி எத்தனை கை மாறிய வண்டியோ, ஒவ்வொரு மூலையிலும் ஒரு கிறுக்குத்தனம். இடப்பக்கத்துக் கதவுக்கு உள்பக்கமாக வீட்டுத் தாழ்ப்பாள். கியருக்குப் பக்கத்தில் சைக்கிள் பெல். இடப்பக்கத்துக் கம்பத்தில் ஒரு சின்னக் கண்ணாடி, அதில் ரோடு தெரியாது, பின்னால் வருகிற வண்டி தெரியாது, டிரைவர் மூஞ்சி மட்டும் தெரியும். திருப்பவும் முடியாதபடி அப்படியே பற்றவைத்திருந்தது. கூட ஓட்டுகிற சுருளிவேல் முதல் நாளே விழுந்து விழுந்து சிரித்தார். "என்னா குபேந்திரா, ஜீப்பு வாங்குனியா, சாமியார் மடத்த வாங்குனியா? மணி இருக்கு, தாப்பா இருக்கு." இவனும் சிரித்துவிட்டு அந்தப் பெடலை ஓர் உதை விட்டான். துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது, அசையவே இல்லை. செத்த பெடல் என்று விட்டுவிட்டான். நான் விடவில்லை. எதற்கென்று கேட்டால் அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இவன் குடித்துவிட்டுக் கிடக்கிற மத்தியானங்களில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, அந்த மூட்டில் விளக்கெண்ணெய் விட்டு, காலால் அழுத்தி, மறுபடி விட்டு, மறுபடி அழுத்தி. ஒரு நாள் அது நெளிந்து கொடுத்தது. நான் இந்தப் பக்கம் மிதிக்க, ஆள் இல்லாத அந்தப் பக்கத்தில் பெரிய பெடல் தானாக உள்ளே போனது. பிள்ளை வயிற்றில் முதல் தரம் புரண்ட அன்றைக்கு எப்படி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேனோ அப்படியே இதையும் வைத்துக்கொண்டேன்.

"ஏய், அமுக்கு." அமுக்குகிறேன். மனசுக்குள் அவன் இவன்தான், வாயைத் திறந்தால் 'ங்க' ஒட்டிக்கொள்ளும், கை தானாக வேலை செய்யும். கரக், கரக். போன வாரத்து வளைவு நினைப்பில் வந்துவிட்டது. இந்தச் சத்தத்தைக் கேட்டால் வராமல் இருக்குமா, கண்ணை மூடினாலும் வருகிறது, அடுப்பு முன்னால் நின்றாலும் வருகிறது. போடியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தோம். என் அண்ணன் போன் பண்ணினான், நான் எடுத்துவிட்டேன், அதுதான் குற்றம். "என்னாடி சொல்லிக் குடுக்குறான் ஒங்கண்ணன்?" ஒன்றுமில்லைங்க. "ஒண்ணுமில்லாமயா பல்லக் காட்டிப் பேசுன?" அப்புறம் இவனுக்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. ஜீப்பில் இருக்கும்போது கோபம் வந்தால் கையை ஓங்கவே மாட்டான், ஸ்டீயரிங்கை மெதுவாக இடது பக்கம் விடுவான். அவ்வளவுதான். பள்ளம் என் பக்கம். ரோட்டோரத்துப் புல் முதலில் வரும், பிறகு புல்லும் இருக்காது, கீழே தூரத்தில் மரங்களின் தலை மட்டும் தெரியும். மடியில் பாப்பா, என் மகள் தன்ஷிகா. "போலாமா? மூணு பேரும் சேந்தே போலாமா?" என்று பாட்டுப் பாடுகிற மாதிரி கேட்பான். நான் கத்தினால் இன்னும் கொஞ்சம் இடது பக்கம். கத்தாமல் இருந்தால் "என்னா, பயமில்லையா?" என்று இன்னும் கொஞ்சம். எப்படி இருந்தாலும் இன்னும் கொஞ்சம். "என்னடீ பயம், நானும்தான உள்ள இருக்கேன்? நா மட்டும் பொழச்சுக்கவா போறேன்?" அதைச் சொல்லும்போது இவன் மூஞ்சியை நான் அந்தச் சின்னக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பேன். சந்தோஷம். கோபம் தீர்ந்து போய், வயிறாரச் சாப்பிட்டவனின் சந்தோஷம். அன்றைக்குப் பாப்பா என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு "அப்பா வேணாம்ப்பா" என்றாள். நான் மிதித்தேன். ஒரு காலில்லை, ரெண்டு காலையும் வைத்து மிதித்தேன். ஜீப்பு முட்டி போட்டு நின்றது, இவன் வாய் போய் ஸ்டீயரிங்கில் மோதியது, முன்பல்லில் பாதி உடைந்து பாப்பாவின் கவுன் மேல் விழுந்தது. இவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான், பெடலைப் பார்த்தான். வீடு வரைக்கும் ஒழுங்காக ஓட்டினான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினான், கண்ணாடியைச் சுத்தியலால் அடித்து எடுத்ததெல்லாம் அப்புறம், முதலில் என் காது.

நாளைக்குக் காதுகுத்து. பாப்பாவுக்கு, இவன் வீட்டுக் குலசாமி கோயிலில். பஸ்ஸில் போவோமே என்று கேட்டுப் பார்த்தேன். "ஜீப்பு வச்சிருக்கிறவன் பொண்டாட்டி பஸ்ஸுல போயி எறங்குனா ஊரு காறித் துப்பாதா?" விடியக்காலையில் கிளம்பணும் என்று சொல்லிவிட்டான். அதற்குள் பிரேக்கை அறுத்தாகணும், அதற்குத்தான் இன்றைக்கு டிரிப்பை விட்டுவிட்டு இந்தப் பாடு. எத்தனை வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அந்த உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டு ஓட்டுவான். நாளைக்கு மிதிக்க எனக்கு வெறும் தகரம்தான் இருக்கும். இந்தப் பெடலை வைத்தது யார் என்று சில நாள் மண்டையைக் குடைந்துகொள்வேன். ஒரு நாள் தோன்றும், அந்த ஆளுக்கு வலிப்பு இருந்திருக்கும், பிழைப்புக்கு ஓட்டித்தான் ஆகணும், பக்கத்தில் பெண்டாட்டியை உட்கார வைத்து, இந்தா, என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே வா, கண் சொருகினால் பெல்லை அடி, அப்பவும் முழிக்காவிட்டால் மிதி என்று அவனே பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்திருப்பான். அப்படி நினைக்கிற அன்றைக்கு எனக்கு அழுகை வரும், அவளைப் பார்த்துப் பொறாமையாகவும் இருக்கும். இன்னொரு நாள் தோன்றும், இல்லை, அவனும் இவன் மாதிரி ஒருத்தன்தான், அவன் ஊரில் இல்லாத நாளில் அவளே எவனோ வெல்டரைக் கெஞ்சிக் கூத்தாடி வைத்துக்கொண்டாள் என்று. அப்படியென்றால் தாழ்ப்பாள் எதற்கு? அவன் வெளியே தள்ளாமல் இருக்கவா, அவள் வெளியே குதிக்காமல் இருக்கவா? உள்பக்கம் இருக்கிற தாழ்ப்பாள் குதிக்கிறவளை எப்படித் தடுக்கும்? அப்போ பிள்ளைக்கா? இந்த இடத்தில் வந்து எப்போதும் சிக்கிக்கொள்வேன். அவளுக்குப் பிள்ளை இருந்ததா, அவள் இருக்கிறாளா, ஜீப்பு விலைக்கு வந்தது எதனால். யாராக இருந்தால் எனக்கென்ன. கரக், கரக். எந்த மகராசியோ உட்கார்ந்து மிதித்த இரும்பை இவன் அறுக்கிறான், என்னையே ஜாக்கி அமுக்க வைத்து அறுக்கிறான். கொதிக்கிற குழம்பைக் கொண்டுவந்து இந்தச் சந்து வழியாக ஊற்றினால் எப்படி இருக்கும். முட்டிக்கு மேல் வரைக்கும் இவன் கால் ரெண்டும் வெளியேதான் கிடக்கிறது, அம்மிக்குழவியைத் தூக்கி அந்த முட்டியில் போட்டால். ராத்திரி தூங்கும்போது எத்தனை தரம் அரிவாள்மனையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் இவன் செத்துவிடுகிறான், வாயில் அரிசி போடுகிறேன், மாரில் அடித்துக்கொண்டு அழுகிறேன், அழுகை நன்றாகவே வருகிறது, வந்தவர்கள் எல்லாரும் பாவம் பாண்டீஸ்வரி என்கிறார்கள். இன்றைக்கு அதெல்லாம் ஒன்றும் வேண்டாமே. குழம்பு வேண்டாம், குழவி வேண்டாம். ஒன்றும் செய்யாமல் நின்றால் போதும்.

"அமுக்கு." நான் அமுக்கவில்லை. கை கம்பி மேல்தான் இருக்கிறது, ரேகை எல்லாம் ஆயில். வேண்டுமென்றா நிறுத்தினேன், யோசனையில் விட்டுவிட்டேனா, எனக்கே தெரியவில்லை. "ஏய், அமுக்குடீ, எறங்குது." காதுக்குள் கொசு. இந்தக் காதில் விழவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், இவன் உடைத்த காதுதானே. கரக் என்பது நின்றுவிட்டது. இரும்புச் சட்டம் இவன் தொப்புளுக்கு மேல் வந்து உட்கார்கிறது, அழுத்தவில்லை, தொடுகிறது, மூச்சை உள்ளே இழுத்தால் விலகி, விட்டால் ஒட்டுகிறது. வெளியே நகர்ந்து வரப் பார்க்கிறான், தோள் உள்ளே அறுத்துக்கொண்டிருந்த பிரேக் கம்பிக்கும் வீல் டிரம்முக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது, குதிகால் மண்ணைப் பறிக்கிறது. "என்னடீ பண்ற? தூங்குறியா?" இல்லைங்க என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கினேன். அப்போதுதான் அது நடந்தது. இவன் கால்விரல்கள் அசையாமல் நின்றன. யோசிக்கிறான். நான் நிற்கிறேன் என்பதை இப்போதுதான் யோசிக்கிறான். "பாண்டி" என்றான். சத்தமில்லாமல். "பாண்டிம்மா. கம்பியப் புடிம்மா. தாயி, அமுக்கு தாயி." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், உடம்பெல்லாம் இனித்தது, இவன் அந்த வளைவில் அடைகிற சந்தோஷம் இதுதான் போல, இப்படி இருந்தால் இவன் எப்படி விடுவான். அந்த நினைப்பு வந்ததும் வாயெல்லாம் கசந்தது. "வெளாட்டுக்குத்தான்டா பண்ணுனேன் அன்னைக்கி, உருட்டி விட்ருவனா பிள்ளைய வச்சுக்கிட்டு, நானும்தானம்மா உள்ள இருந்தேன்." ஆமாம், நீயும் இருந்தாய். எப்போதும் அதைத்தான் சொல்வாய். இன்றைக்கு நீ மட்டும் உள்ளே இருக்கிறாய், நான் வெளியே நிற்கிறேன். சட்டம் இன்னும் ஒரு நூல் இறங்கியது, இவன் 'ஹக்' என்றான். பாப்பாவுக்கு நாலு வயசு. இவன் செத்தால் நாளைக்குக் காதுகுத்து இல்லை, எனக்கு ஜெயில், பாப்பாவை இவன் அம்மாதான் வளர்ப்பாள், இவனை வளர்த்த மாதிரியே வளர்ப்பாள். இதற்காகவா நான் விளக்கெண்ணெய் ஊற்றினேன்.

கம்பியை விட்டுவிட்டுப் போய்ச் சுவரில் சாய்ந்திருந்த வீலை உருட்டி வந்தேன். "எங்கடீ போற? எங்கடீ?" என்று குரல் உடைந்து கீச்சிட்டது. வீலைச் சட்டத்துக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டேன். ஒழுங்காக முட்டுக் கொடுத்து, ஜாக்கியை ஏற்றி, இவனை வெளியே விட்டுவிடுவதுதான் என் நினைப்பு. சத்தியமாக அதுதான். "இருங்க, ஏத்துறேன்" என்று சொல்லிக்கூட விட்டேன். அமுக்கினேன். சட்டம் வயிற்றைவிட்டு எழுந்தது. ஒரு தரம் இழுத்து மூச்சு விட்டான், ரெண்டாவது மூச்சில் இருமினான். மூன்றாவதில் அவன் வாய் அவனுக்குத் திரும்பி வந்துவிட்டது. இரும்பு ஏற ஏறக் குரலும் ஏறியது. "நீ நில்லுடீ. வெளிய வர்றேன் இரு. வந்தேன்னு வையி, நாளைக்கிக் காது குத்தப் போறது பாப்பாவுக்கில்ல. ஒன்னய அந்த வளைவுல வச்சு, ஒத்தக் கையில ஓட்டுறேன் பாரு, எதுல கால வைக்கிறன்னு பாக்குறேன்." சிரித்தான். உண்மையாகவே சிரித்தான், அடியிலிருந்து. எனக்குக் கோபம்கூட வரவில்லை. தெரியாத ஊரில் வழி கேட்டவளுக்கு வழி சொன்ன மாதிரி இருந்தது. வீலைக் காலால் உதைத்துச் சட்டத்துக்கு அடியில் தள்ளினேன். கம்பியின் நுனியை ஜாக்கியின் திருகில் மாட்டித் திறந்துவிட்டேன். ஜீப்பு நிதானமாக இறங்கி வீல் மேல் உட்கார்ந்தது, இவன் மேலும் உட்கார்ந்தது. மூச்சு விட இடம் இருந்தது, புரள இடமில்லை. வயிறு தட்டையாகக் கிடந்தது, கண் பிதுங்கியது, கை ரெண்டும் சட்டத்தைப் பிடித்துத் தள்ளின. குனிந்து பார்த்தேன். கெட்ட வார்த்தை வந்துகொண்டே இருந்தது, அது வரும்வரை ஆள் சாகமாட்டான். ஜாக்கியை உருவி எடுத்தேன், கனமாக இருந்தது, புடவையெல்லாம் ஆயில். எதிரே ரோட்டைத் தாண்டிப் பள்ளத்தில் போட்டேன், எங்கேயோ பாறையில் பட்டு, மறுபடி பட்டு, அப்புறம் சத்தமில்லை. "என்னய என்னடீ பண்ணப்போற?" என்றான். "ஒண்ணும் பண்ணலீங்க" என்றேன். "கத்துங்க."

பால்வாடியில் போய்ப் பாப்பாவைக் கூட்டிக்கொள்ளணும், போடி பஸ் வருகிற நேரம், அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் இவன் கத்த ஆரம்பித்தான். ஐயோ, அம்மா, கொல்றாளே என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். இந்தக் காதிலேயே விழுந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள்ளிருந்து நான் கத்தியதும் இதே சத்தம்தான், இதைவிடக் கூடத்தான் இருக்கும். பெட்டிக்கடைக்காரர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பேனாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மேல்வீட்டு அக்கா சாப்பிட்ட கையோடு வந்தாள். அதற்குப் பின்னால் ரெண்டு பேர், அதற்கும் பின்னால் ஒரு கிழவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "என்னா பாண்டி, என்னா சத்தம்?" என்று அக்கா மூச்சிரைக்கக் கேட்டாள். "அவர் ஜீப்புக்கு அடியில மாட்டிக்கிட்டாருக்கா" என்றேன். "ஐயையோ" என்று என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நான் ஏன் எதிர்ப்பக்கம் போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருடைய வீட்டுக் கதவும் மல்லாக்கத் திறந்து கிடந்தது. அந்தக் கதவுகள் இத்தனை வேகமாகத் திறக்கும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.